நெடுங்கழிக் குதிரை இனம் மீண்டது குறித்து ஏனாதி வயிரன் பூதன் எழுதியது

நலம் பெருகுக. நாட்டு நீர்நிலைகள் நிறைந்திருக்க.

மேலைக்கானல் நாட்டின் ஏழு கோட்டைக்கும் உரியவரும், வெள்ளத்து நாளில் தம் களஞ்சியத்தைக் குடிகளுக்குத் திறந்துவிட்டவரும், கொன்றையூர் அரியணையில் வீற்றிருப்பவருமாகிய மாவேள் இளஞ்சேந்தனார் திருமுன்பு, தங்கள் கையால் ஏனாதிப் பட்டம் பெற்று, நெடுங்கழிக் குதிரைப் பந்தியைக் காத்துவரும் வயிரன் பூதன் நெற்றி தரையில் பட வணங்கி விடுக்கும் ஓலை. கொன்றையூர்க் கோட்டையும், அரண்மனைப் பெண்டிரும், ஆனையும் குதிரையும், ஆற்றங்கரை வயல்களும் குறைவின்றி விளங்குக.

தாங்கள் ஆனி மாதத்தில் எழுதிய திருவோலை வந்து சேர்ந்தது. மூன்று பெட்டைக் குதிரைகளோடு தொடங்கிய பந்தியில் இன்று பதினான்கு குதிரைகள் நிற்பதறிந்து தாங்கள் மகிழ்ந்ததையும், அவற்றைப் பெற்ற ஆண்குதிரை எது, எந்த உப்பு வணிகரிடம் பெறப்பட்டது என்று கேட்டிருப்பதையும் பலமுறை படித்தேன். ஆறு ஆண்டுகளாக அடியேன் விடுத்த ஆறு ஓலைகளிலும் அது உப்பு வணிகர் வைத்திருந்த குதிரை என்றே எழுதினேன். அது பொய். உண்மையை இவ்வோலையில் முழுதும் எழுதுகிறேன். படித்தபின் அடியேன் தலை தங்கள் விருப்பத்திற்கு உரியது.

கழிமா என்று நம் முன்னோர் அழைத்த இக்குதிரைகள் உயரத்தில் ஓர் ஆளின் மார்பளவே இருப்பன, நிறம் சாம்பல், குளம்பு அகன்று, சேற்றில் பதியாமல் மிதப்பதுபோல் நடப்பன. மேலைக்கானலும் கீழைத்துறையும் ஒரே நாடாய் இருந்த காலத்தில், கழிக்கு அப்பால் இறங்கிய பகைவரை இக்குதிரை வீரர் ஒரே பகலில் மடக்கினர் என்பது தாங்கள் அறிந்தது. பின்னர் நாடு வேந்தரின் இரு மைந்தருக்குப் பங்காயிற்று, குதிரைகளும் பங்காயின. கப்பல்களில் நெடிய குதிரைகள் வந்திறங்கியபின், ஊர்வலத்தில் கழிமா குள்ளமாய்த் தெரிகிறது என்று அரண்மனையார் வெட்கினர். நெடிய குதிரையோடு சேர்த்து உயரம் கூட்டப் பார்த்தனர். பிறந்தவை உயரமும் பெறவில்லை, சேற்றில் நடக்கவும் அறியவில்லை. எஞ்சியவற்றை உப்பு மூட்டை சுமக்க விட்டனர். அதன்பின் அவற்றைப் பற்றி எவரும் எழுதி வைக்கவில்லை.

எட்டாண்டுக்கு முன் ஆறு திசை மாறி வெள்ளம் வந்ததும், தென்துறைக் கோட்டை தீவாய் நின்றதும், உணவு கொண்டு சென்ற நம் நெடிய குதிரைகள் வயிறு வரை சேற்றில் புதைந்து மடிந்ததும், கோட்டைக்குள் தங்கள் சிறிய தந்தையார் உள்ளிட்டோர் பசியால் மாண்டதும் எழுதி மாளாத துயரம். அந்தத் துயரத்தில்தான் கழிமாவைத் தேடுக என்று தாங்கள் அடியேனை ஆறு வீரரோடு அனுப்பினீர்கள்.

உப்பளத்து மக்களிடம் மூன்று பெட்டைகளைக் கண்டேன். முதுகுத் தோல் உரிந்து, உப்புநீர் பட்ட புண்ணோடு நின்றன. ஆண்குதிரை ஒன்றும் இல்லை. ஓராண்டு தேடினேன், கிடைக்கவில்லை. முதல் மழைக்காலத்தில் வீரரில் ஒருவர் பாம்பு தீண்டி இறந்தார். மற்ற ஐவரும் இங்கே இருக்க இயலாது என்று கைகூப்பி நின்றனர். அவர்களை அடியேனே விடுவித்தேன். மழை தொடங்கினால் உப்பளத்தாரும் மேட்டுநில ஊர்களுக்குப் போய்விடுவர். ஐந்து மாதம் இக்கரையில் மனிதக் குரல் இராது. அந்த மழைக்காலத்தில் அடியேன் பெட்டைகளோடு பேசத் தொடங்கினேன். பின்னர் அதற்கு வெட்கப்பட்டு நிறுத்தினேன். பின்னர் மீண்டும் தொடங்கினேன்.

பங்குனியில் நீர் வற்றியபோது ஒரு காலை மூன்று பெட்டைகளும் ஒருசேரத் தலை தூக்கிக் கீழைக்கரையைப் பார்த்துக் கனைத்தன. அக்கரையிலிருந்து ஓர் ஆண்குதிரை பதில் கொடுத்தது. கழியின் நடுவே, ஆண்டில் சில நாள் மட்டும் நீருக்கு மேல் தெரியும் சேற்றுத் திட்டு ஒன்று உண்டு. மேலைக்கானலுக்கும் கீழைத்துறைக்கும் நடந்த போருக்குப்பின் இரு நாட்டு வேந்தரும் இட்ட ஆணைப்படி, அத்திட்டைக் கடப்பவன் தலை இழப்பான். மறுநாள் அத்திட்டின் மேல் ஒரு மனிதர் சாம்பல் நிறக் குதிரையொன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு இடக்கை தோளோடு இல்லை. வாள் இல்லை. அடியேனும் வாளை அவிழ்த்துக் கரையில் வைத்துவிட்டுப் பெட்டைகளை ஓட்டிக்கொண்டு நடந்தேன்.

அவர் கீழைத்துறையின் குதிரை காப்பவர். அவர்கள் பக்கத்தில் எஞ்சியிருந்தது அந்த ஒரே ஆண்குதிரை. அவரும் பெட்டை தேடிச் சலித்தவர். அடியேன் என் பெயரைச் சொல்ல வாய் திறந்தபோது அவர் தடுத்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பேரு வேண்டாம்யா. நாளைக்குப் பிடிபட்டா அடிச்சுக் கேப்பாங்க. தெரியாததை எப்படிச் சொல்றது?"

அந்த ஏற்பாடு எங்கள் இருவரையும் காக்கும் என்று எண்ணி ஒப்பினேன். முதற்குட்டி நமக்கு, அடுத்தது அவர்களுக்கு என்றும், பால்குடி மறந்தபின் அடுத்த பங்குனியில் திட்டில் கைமாற்றுவது என்றும் பேசிக்கொண்டோம். அவ்வாறே ஆறு ஆண்டு நடந்தது. ஆண்டுக்கு மூன்று பகல் நீர் விலகும். குதிரைகள் தம் போக்கில் இருக்க, நாங்கள் ஈரமண்ணில் அமர்ந்து பேசுவோம். அவர் மீன் கருவாடு கொண்டு வருவார். அடியேன் வெல்லம் கொண்டு செல்வேன். இரு நாட்டுப் போரில் எந்தக் கரையில் நின்று அவர் கையை இழந்தார் என்று அடியேன் கேட்கவில்லை. அப்போரில் அடியேன் எங்கிருந்தேன் என்று அவரும் கேட்கவில்லை. அவர் மனைவி மக்களைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவர் என்பதை நான்காம் ஆண்டில் சொன்னார். ஆறு ஆண்டில் அந்தப் பதினெட்டுப் பகல்களே அடியேன் ஒரு மனிதரோடு மனம்விட்டுப் பேசியவை.

ஐந்தாம் ஆண்டில் அவர் கவலையோடு வந்தார். நம் குட்டிகளில் பெண்ணாய்ப் பிறந்தவை வளர்ந்து, தம் தந்தையோடு சேரும் பருவத்தை நெருங்கியிருந்தன. அவற்றைக் காட்டி அவர் சொன்னார்: "தகப்பனோட மகளைச் சேத்தா நாலு தலைமுறையில எல்லாம் நோஞ்சானாப் போயிரும்யா. வேற ரத்தம் எங்கயாச்சும் ஒண்ணு இருக்கும். நான் தேடுறேன்." அதுவரை அந்தப் பெண்குட்டிகளைக் கொண்டு வரவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். ஆறாம் ஆண்டிலும் அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்கவில்லை. அந்த ஆண்டு விடைபெறும்போது அவர் நெடுநேரம் இருமினார். சேற்றுக் காற்று என்றார். அடியேனும் நம்பினேன்.

இந்த ஆண்டு பங்குனியில் திட்டு தெரிந்த முதல்நாள் சென்று காத்திருந்தேன். எவரும் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் கீழைக்கரையிலிருந்து ஒரு குதிரை தனியே சேற்றில் நடந்து வந்தது. அடியேன் அறிந்த குதிரை அன்று, நான்கு வயதுள்ள இளங்குதிரை, நெற்றியில் வெள்ளை. கழுத்துக் கயிறு அறுபடவில்லை, கால் தடுக்காதபடி ஒழுங்காகச் சுற்றி முடியப்பட்டிருந்தது. நேரே பெட்டைகளிடம் போய் நின்றது.

பகைநாட்டுக் குதிரை நம் கரைக்கு வந்தால் அது அரசுக்கு உரியது என்பது சட்டம். அதை ஓட்டிவந்து பந்தியில் கட்டியிருந்தால் எவரும் கேட்டிரார். ஆனால் அவர் பிடிபட்டார் என்றே அடியேன் எண்ணினேன். குதிரை நம்மிடம் இருப்பது தெரிந்தால் அவர் குற்றம் உறுதியாகிவிடும் என்று அஞ்சினேன். ஆகவே மாவேளின் ஆணையை மீறி, வாளின்றி, அக்குதிரையைப் பிடித்துக்கொண்டு திட்டைக் கடந்து கீழைக்கரை ஏறினேன். இதுவே அடியேன் செய்த குற்றங்களில் பெரியது.

காவலர் பிடித்துக் கட்டினர், அடிக்கவில்லை. இரண்டு நாள் நடத்தி, அவர்கள் வேந்தர் கூத்தரையர் முன் நிறுத்தினர். அவர் முதியவர், அவையில் அல்லாமல் குதிரைக் கொட்டிலில் ஒரு மரக்கட்டையில் அமர்ந்திருந்தார். ஒற்றைக்கையரின் தலைக்கு ஈடாக என் தலையை எடுத்துக்கொள்க என்று வேண்டினேன். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"குமிழன் தை மாசமே போய்ச் சேந்துட்டான். நெஞ்சுச் சளி. எல்லாத்தையும் எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனான். உம்ம பேரைக் கேட்டேன், தெரியாதுன்னான். நான் நம்பலை. இப்ப நம்புறேன்."

அவர் பெயர் குமிழன் என்பதை அடியேன் அன்றுதான் அறிந்தேன்.

இளங்குதிரையைக் குமிழன் கடலோரத் தீவொன்றில் மீனவரிடம் கண்டு, இருமலோடும் ஒற்றைக் கையோடும் படகில் ஏற்றி வந்தாராம். பங்குனியில் நீர் விலகும் மூன்றாம் நாள் அதைக் கரையில் அவிழ்த்துவிடும்படியும், அது தானே நடந்து செல்லும், அக்கரையில் ஓர் ஆள் நிற்பார் என்றும் வேந்தரிடம் கேட்டுக்கொண்டாராம். வேந்தர் அவ்வாறே செய்வித்தார். குதிரையைத் திருப்பிக்கொண்டு ஓர் ஆள் வருவார் என்பதை மட்டும் அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

கொட்டிலுக்குப் பின்னால் குமிழனைப் புதைத்த இடத்தைக் காட்டினர். கல் நடவில்லை, மண் மேட்டின் மேல் குதிரைகள் மேய்ந்த குளம்புத் தடங்கள் இருந்தன. காவலர் சற்று விலகி நின்றனர். அடியேன் என் பெயரையும், ஊரையும், தந்தை பெயரையும் அவ்விடத்தில் உரக்கச் சொன்னேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கூத்தரையர் அடியேனையும் இளங்குதிரையையும் விடுவித்தார். ஆண்டுதோறும் பங்குனியில் திட்டைக் குதிரைகளுக்குப் பொதுவாக விடுவதற்கும், பிறக்கும் குட்டிகளில் பாதியைப் பழைய வழக்கப்படி பெறுவதற்கும் தமக்குச் சம்மதம் என்றும், மாவேள் இசைந்தால் தம் கழிக்காவலரை விலக்கிக்கொள்வதாகவும் கூறி, முத்திரையிட்ட ஓலையொன்றை எழுதுவித்தார். அவ்வோலையை இதனோடு வைத்துள்ளேன். உடன்பாடு சொல்ல அடியேனுக்கு அதிகாரம் இல்லை என்று அவரிடம் தெளிவாகச் சொல்லியே வந்தேன்.

இளங்குதிரையிடம் நான்கு பெட்டைகள் சூல் கொண்டுள்ளன. சென்ற வாரம் பருவத்துக்கு முன்பே பெய்த பெருமழையில் தென்துறைப் பாதை மூழ்கியது. எட்டுக் கழிமாக்களின் மேல் அரிசி ஏற்றி அடியேனும் உப்பளத்தார் நால்வரும் சேற்றில் நடந்தோம். ஒரு குதிரையும் புதையவில்லை. கோட்டை வாயிலில் நின்ற வீரர் ஒருவர் குதிரையின் கால்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். எட்டாண்டுக்கு முன் வெள்ளத்துப் பசியில் அங்கே தம் தமையனை இழந்தவர் அவர். தாங்கள் அன்று இட்ட பணி நிறைவேறியது என்று இனி எழுதலாம்.

குதிரைகளைக் கொன்றையூர் ஊர்வலத்திற்குக் கொண்டுவரக் கேட்டிருக்கிறீர்கள். கற்பாவிய வீதியில் இவற்றின் குளம்பு பிளக்கும், பொறுத்தருள்க.

ஏனாதிப் பட்டத்தோடு தாங்கள் அணிவித்த மோதிரம் தரும் அதிகாரத்துக்கு உட்பட்டு அடியேன் இட்ட ஆணை இது: நெடுங்கழி மேலைக்கரைக் காவலர் அனைவரும் அறிக. மாவேளின் மறுமொழி வரும்வரை, கழியில் வரும் சாம்பல் நிறக் குதிரை எக்கரையது ஆயினும் அதன்மேல் அம்பு தொடுக்கலாகாது. இளங்குதிரைக்குப் பிறக்கும் குட்டிகளுக்கு நம் நாட்டுக்கே உரியவை என்று அடையாளச் சூடு இடலாகாது. மீறுவோர் பந்தி அதிகாரிக்கு விடை சொல்க. இதனை மாற்றவும் நிலைநிறுத்தவும் மாவேளுக்கே உரிமை.

அடியேனைத் தண்டிப்பதாயின், பெட்டைகள் ஈனும் மாசி வரை பொறுக்க வேண்டுகிறேன். மன்னித்து இங்கேயே வைப்பதாயின், ஒரு வேண்டுகோள் உண்டு. இன்று உப்பளத்தார் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டனர். இன்னும் பத்து நாளில் மேட்டுக்குப் போய்விடுவர். மழைக்கு முன் ஓர் ஆளை அனுப்புக. வயது எதுவாயினும் ஆகலாம். குதிரை வேலை தெரிந்திருக்க வேண்டுவதில்லை. அதை அடியேனே பார்த்துக்கொள்வேன். பேசுகிறவராய் இருந்தால் போதும்.

ஆடித் திங்கள் இருபதாம் நாள், நெடுங்கழிப் பந்தியிலிருந்து, என் கையால் எழுதி, அரக்கில் குளம்பு முத்திரை பதித்து, உப்பு வணிகர் கையில் கொடுத்தனுப்பியது. மாவேளின் செங்கோல் நேர்நிற்க. கானல் வாழ்க.