ஒரு சிப்பாய்க்கு ஒரு மனைவி

1863 ஜனவரி 5, திங்கள்

இஸ்திரி போட்டுக்கொண்டே எஜமானின் செய்தித்தாளைப் படித்தேன். எனக்குப் படிக்கத் தெரியும் என்பது இந்த வீட்டில் எல்லோருக்கும் மறந்துபோயிற்று. எஜமானியம்மா சிறு பெண்ணாக இருந்தபோது என்னை உட்காரவைத்துப் பள்ளிக்கூட விளையாட்டு ஆடுவாள். அவளுக்கு விளையாட்டு, எனக்கு எழுத்து வந்துவிட்டது. இப்போது பழைய பஞ்சாங்கத்தின் வெற்றுப் பக்கங்களில் இதை எழுதுகிறேன்.

லிங்கன் கையெழுத்துப் போட்டுவிட்டார். அடிமைகளுக்கு விடுதலை. எந்தெந்த ஊர் என்று ஒரு பட்டியல். ஆர்கன்சா, டெக்சஸ், மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா... விரலை வைத்து மூன்று தடவை பார்த்தேன். எங்கள் கென்டகி இல்லை.

அவரை எதிர்த்துச் சண்டை போடுகிற மாநிலங்களுக்குத்தான் விடுதலையாம். கென்டகி அவர் பக்கம் நிற்கிறது. அதனால் எங்கள் எஜமான்கள் மனம் கோணக்கூடாது. மத்தியானச் சாப்பாட்டில் எஜமான் சிரித்துக்கொண்டே, "நம்ம மண்ணுல பொறந்தவன்ப்பா, நம்ம மேல கை வைப்பானா?" என்றார். கறித் தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

லிங்கன் இதே கென்டகி மண்ணில் பிறந்தவராமே. நல்லா இருங்க ஐயா, நல்லா இருங்க.

ஒரு சட்டையில் பழுப்புக் கறை விழுந்துவிட்டது. நாளைக்கு இருக்கிறது எனக்கு.

1863 ஜனவரி 10, சனி

ஆன்செல் வந்தான். ஆறு மைல் தள்ளி வேறொரு எஜமானின் சணல் பண்ணையில் இருக்கிறான். சனிக்கிழமை சாயங்காலம் அனுமதிச் சீட்டோடு வருவான், திங்கள் விடிவதற்குள் போய்விடுவான். எங்கள் குடித்தனம் இவ்வளவுதான். இதற்குள் லெட்டிக்கு ஐந்து வயது, ஜெஸ் தவழ்கிறான்.

பட்டியலைச் சொன்னேன். "மிசிசிப்பி இருக்கா?" என்று கேட்டான். இருக்கிறது என்றேன். எழுந்து போய் ஜெஸ்ஸைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

ஏன் கேட்டான் என்று எனக்குத் தெரியும். சில்வி அங்கேதான் இருக்கிறாள். எனக்கு முன்னால் இவன் மனைவி. எட்டு வருஷத்துக்கு முன்னால் அவளையும் பையனையும் மிசிசிப்பி நாச்செஸுக்கு விற்றுவிட்டார்கள். இவன் எதையும் என்னிடம் மறைத்ததில்லை. எங்களுக்குக் கல்யாணம் செய்துவைத்த பாதிரியார், "சாவோ தூரமோ உங்களைப் பிரிக்கும் வரை" என்றுதான் சொன்னார். அடிமைகளுக்கு அப்படித்தான் சொல்வார்கள். அவனுக்கும் சில்விக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். தூரம் பிரித்தது, நான் வந்தேன். இதில் என் தப்பு என்ன?

அவளுக்கு விடுதலையாம். எனக்கு இல்லையாம். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

1863 ஜூலை 27

நாச்செஸ் நகரம் லிங்கனின் வடக்குப் படையின் கைக்கு வந்துவிட்டதாகப் பேப்பரில் இருக்கிறது. ஆன்செலிடம் சொல்லவில்லை.

1864 ஜூன் 13, திங்கள்

ஆன்செல் திங்கள் காலை பண்ணைக்குத் திரும்பவில்லை. நேராகப் படை முகாமுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். கென்டகி அடிமைகள் எஜமானைக் கேட்காமலே படையில் சேரலாம் என்று இப்போது உத்தரவு. துப்பாக்கியைத் தொட்டால் விடுதலை. ஆம்பளைக்கு மட்டும்.

"உன்னை விட்டுட்டுப் போறேன்னு நெனைக்காத டெல்பி. திரும்பி வந்து கூட்டிட்டுப் போவேன்." ஜெஸ்ஸைத் தூக்கி முகர்ந்து பார்த்துவிட்டுப் போனான்.

மத்தியானத்துக்குள் எஜமானுக்குத் தெரிந்துவிட்டது. என்னை வீட்டு வேலையிலிருந்து எடுத்துச் சணல் வயலில் விட்டார்கள். "உன் புருஷன் லிங்கன் சோறு திங்கட்டும், நீ வெயில் தின்னு" என்றார் எஜமான்.

1864 டிசம்பர் 4

கையெல்லாம் வெடிப்பு. பேனா பிடிக்க முடியவில்லை.

1865 மார்ச் 14, செவ்வாய்

படைச் சிப்பாயின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் விடுதலை. சட்டமாகிவிட்டது, லிங்கன் கையெழுத்தே போட்டுவிட்டார். கென்டகிக்கும் சேர்த்து!

சமையல்காரி பிரிஸ்தான் சாப்பாட்டு மேசையில் கேட்டுவிட்டு ஓடிவந்து சொன்னாள். அவளுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. "அடியே, போறப்ப அந்த முகாம்ல எனக்கும் ஒரு சிப்பாயைப் பிடிச்சுக் குடுடி. ஒத்தக் காலா இருந்தாலும் பரவாயில்ல, பேரு குடுத்தாப் போதும்" என்றாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் அவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அழுதாள்.

1865 மார்ச் 19, ஞாயிறு

எப்படி எழுதுவேன்.

லெட்டியை நடக்கவைத்து, ஜெஸ்ஸை இடுப்பில் வைத்துப் பதினோரு மைல். ஆற்றுப் பாலம் தாண்டியதும் முகாம். ஆன்செல் நீலச் சட்டையில் ஓடிவந்தான். பிள்ளைகளைக் கட்டிக்கொண்டான். என்னைப் பார்க்கவில்லை. பார்க்கவே இல்லை!

"டெல்பி, சில்வி வந்திருக்கா."

பத்து நாள் ஆயிற்றாம். ஒரு படைப் பிரிவுக்குத் துணி துவைத்துக்கொண்டே படகில் லூயிவில் வரை வந்து, அங்கிருந்து நடந்து, இவன் பேரைச் சொல்லிச் சொல்லி விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். பையன் நாச்செஸில் அகதிக் கூடாரத்தில் அம்மை கண்டு இறந்துபோனானாம்.

அவளுக்குத்தான் விடுதலை இருக்கிறதே, எதற்கு வந்தாள் என்று கத்தினேன். ஆன்செல் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: லிங்கன் பிரகடனத்தில் விடுதலையானவர்கள் கென்டகிக்குள் கால் வைக்கக்கூடாது என்று இந்த மாநிலத்தில் ஒரு சட்டம். பிடித்தால் சிறை, அப்புறம் ஏலம். சிப்பாயின் மனைவி என்று சீட்டு இருந்தால் ஒருவரும் தொடமாட்டார்கள்.

சீட்டு ஒன்றுதான். ஒரு சிப்பாய்க்கு ஒரு மனைவி.

"நீ யாரைச் சொல்லப்போற?"

"தெரியலயே டெல்பி. சத்தியமா தெரியல."

சாயங்காலம் அவளைப் பார்த்தேன். துவைக்கிற தொட்டி பக்கத்தில் நின்றாள். பேய் மாதிரி இருப்பாள், பிடித்துத் திட்டலாம் என்று நினைத்துப் போனேன். மெலிந்த உடம்பு, முன்பல் ஒன்று இல்லை. என்னைவிடக் குட்டை. ஜெஸ்ஸின் கன்னத்தைத் தொட்டு, "அப்பன் மூக்கு அப்படியே" என்றாள். எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

1865 மார்ச் 20, திங்கள்

முடிந்துவிட்டது.

பெயர் பதிவது படைப் பாதிரியார். நல்ல மனிதர், சளி பிடித்து மூக்கு சிவந்திருந்தது. இரண்டு மனைவி இருந்தால் பிள்ளைகளின் தாய்க்குத்தான் முதலிடம் கொடுக்கிறார் என்று நேற்றே வரிசையில் இருந்த பெண்கள் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் காலையில் லெட்டியின் தலையைத் தண்ணீர் தொட்டு வாரினேன். ஜெஸ்ஸின் முகத்தைத் துடைத்தேன். அவர்கள் இரண்டு பேரையும் மேசைக்கு முன்னால், ஆன்செலின் கண்ணுக்கு நேராக நிறுத்தினேன். தெரிந்துதான் செய்தேன். ஒன்றும் தெரியாதவள் மாதிரி இங்கே எழுதிக்கொள்ள மாட்டேன்.

சில்வி அந்தப் பக்கம் நின்றாள். கையில் ஒன்றும் இல்லை.

பாதிரியார், "பிள்ளைங்க ரெண்டும் எப்படியும் விடுதலைதான். மனைவி பேரை மட்டும் சொல்லுப்பா" என்றார். பிள்ளைகளுக்கு எப்படியும் உண்டு! எனக்கு அது தெரியாது. லெட்டியும் ஜெஸ்ஸும் போவார்கள், நான் சணல் வயலுக்குத் திரும்பவேண்டும். அப்போது நினைத்தது இது மட்டும்தான். லெட்டியைக் கிள்ளினேன். அவள் "அப்பா" என்று அழுதாள்.

ஆன்செல் சொன்னான்: "டெல்பி."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் பார்த்திருக்கக் கூடாது. ஒன்பது வருஷத்தில் ஒரு நாளும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

சில்வி சண்டை போடவில்லை. என் பக்கத்தில் வந்து, "கொடுத்து வெச்சவ தங்கச்சி நீ" என்று மட்டும் சொன்னாள். குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

1865 மார்ச் 21

எனக்கு விடுதலை. சீட்டைப் படித்தேன். என் பேரை எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருக்கிறார்கள்.

1865 மார்ச் 25, சனி

சில்வியைப் பிடித்துவிட்டார்கள். முகாமைவிட்டு, அடிமை முறை இல்லாத வடகரைக்கு ஒஹாயோ நதியைத் தாண்டப் போனவளை நடுவழியில் பிடித்து ஒரு ஊர்ச் சிறையில் போட்டார்களாம். ஏலத்தில் யாரோ ஒருவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். எங்கே என்று தெரியவில்லை.

ஆன்செல் சோள ரொட்டியைத் தொடவில்லை. நான் சாப்பிட்டேன். பசித்தது, சாப்பிட்டேன்.

1865 ஏப்ரல் 16, ஈஸ்டர்

லிங்கனைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். நாடகம் பார்க்கப் போன இடத்தில்.

முகாமே அழுகிறது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. யோவ், ரெண்டு வருஷம் எங்களை ஓரமா நிக்க வெச்சியேய்யா! மிசிசிப்பிக்கு உண்டு, கென்டகிக்குக் கிடையாது. ஆம்பளைக்கு உண்டு, பொம்பளைக்குக் கிடையாது. அப்புறம் பொண்டாட்டிக்கு உண்டு, அதுவும் ஒருத்திக்கு. ஒரு நாளில், ஒரே வரியில் எல்லோருக்கும் என்று எழுதியிருந்தால் நான் அந்த மேசை முன்னால் என் பிள்ளையைக் கிள்ளியிருப்பேனா? சில்வி சிறைக்குப் போயிருப்பாளா?

அவருக்கு என்ன நெருக்கடியோ, யார் கண்டது. எல்லோருக்குமான சட்டத்துக்குத்தான் கடைசியாக அலைந்தாராம். அதை எங்கள் கென்டகி சட்டசபையே வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

ஜெஸ் என் மடியில் விடுதலையாகத் தூங்குகிறான். அந்தக் கையெழுத்து அவருடையதுதானே. அப்புறம் அழுதேன். ரொம்ப நேரம் அழுதேன்.

1865 அக்டோபர் 29

ஆன்செலைப் படையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஊருக்குள் ஒரு அறை பிடித்திருக்கிறோம். நான் இஸ்திரி போடுகிறேன், இப்போது கூலிக்கு. அவன் குதிரை லாயத்தில் வேலை செய்கிறான். குடிப்பதில்லை, அடிப்பதில்லை, பிள்ளைகள் மேல் உயிர். ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது ஒரு பண்ணைக்கு நடந்து போய், முன்பல் இல்லாத பெண் யாராவது இருக்கிறாளா என்று கேட்டுவிட்டு வருகிறானாம். எங்கே போனாய் என்று நான் கேட்பதில்லை.

ஒரே படுக்கையில்தான் படுக்கிறோம். முன்னாடி வாரத்துக்கு ரெண்டு ராத்திரிதான் வருவான். அப்ப இன்னும் பக்கத்துல இருந்தான்.

1865 டிசம்பர் 21, வியாழன்

எல்லோருக்கும்! இந்த நாடு முழுக்க ஒருத்தரும் இனி அடிமை இல்லை. கென்டகி ஒத்துக்கொள்ளாவிட்டாலும் சட்டம் சட்டம்தான். பிரிஸ் கரண்டியை எஜமானியம்மா கையிலேயே கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். "சிப்பாயும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்டி" என்று வாசலில் நின்று ஆடினாள்.

ஆன்செல் சிரித்தான். அப்புறம் மூலையில் உட்கார்ந்துகொண்டு பூட்ஸைக் கழற்றிக் கழற்றி மாட்டினான். பேர்ட்ஸ்டவுன் பக்கம் ஒரு பண்ணையில் சில்வி இருப்பதாகப் போன மாதமே தெரியுமாம். அவளை விடமாட்டோம் என்று துப்பாக்கியைக் காட்டினார்களாம். இன்றைக்கு அவர்கள் விட்டே ஆகவேண்டும்.

நான் கேட்டேன்: "அன்னிக்கு புள்ளைங்க அங்க நிக்கலேன்னா யாரைச் சொல்லியிருப்ப?"

"டெல்பி..."

"சொல்லு. இப்ப என் விடுதலை உன் கையில இல்ல. பயப்படாம சொல்லு."

அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அது போதும் எனக்கு.

கம்பளியை மடித்துக் கொடுத்தேன். ரொட்டி கட்டிக் கொடுத்தேன். "போ. அவ காத்துட்டிருப்பா" என்றேன். எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு குரல் வந்தது! தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

இருடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இருந்திருப்பான். அதான் சொல்லல.

1866 மே 7, திங்கள்

கறுப்பர்கள் கல்யாணத்தை இப்போது நீதிமன்றத்தில் பதியலாம். வாசலெல்லாம் கூட்டம். கிழவன் கிழவிகள்கூடக் கைகோத்துக்கொண்டு நின்றார்கள். ஆன்செலும் சில்வியும் எனக்கு நாலு பேர் முன்னால். அவள் நீலத் துணியில் தலைக்கட்டு கட்டியிருந்தாள், கஞ்சி போட்டு நானே இஸ்திரி போட்டு அனுப்பியது. என்னைப் பார்த்ததும் நின்றாள். தலையை அசைத்தேன், போய்க் கையெழுத்து வை என்று.

நான் பதிய வந்தது பிள்ளைகளின் பெயரை. குமாஸ்தா தலை நிமிராமல் கேட்டார்: "புருஷன்?"

ஆன்செலும் சில்வியும் இன்னும் கதவைத் தாண்டவில்லை. அவன் முதுகு தெரிந்தது.

"போரில் போய்விட்டார்" என்றேன்.

'விதவை' என்று எழுதிக்கொண்டார். "எந்தச் சண்டையிலம்மா?" என்று கேட்டார். தெரியாது ஐயா என்றேன்.