வெள்ளை மேட்டுப் புல்லுக்குப் போட்ட வேலி

நேற்று தகரப் பெட்டியைத் துடைக்கலாம் என்று கீழே இறக்கினேன் அக்கா. அடியில் விரித்திருந்த தாளை உருவினேன். கிழியவில்லை, வழவழவென்று முழுசாக வந்தது. ரஷ்யாப் பத்திரிகைத் தாள். இத்தனை வருஷம் பாச்சை உருண்டையோடு கிடந்தும் படம் மங்கவில்லை. வெள்ளை வெளேரென்று ஒரு குன்று, அதன்மேல் முழங்கால் உயரத்துக்குப் புல், புல்லுக்கு நடுவே தலையில் துணி கட்டிய ஒரு பொம்பளை. ஓரத்தில் பென்சிலில் உன் கையெழுத்து: 'ஆடு எங்கே?'

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. காலை ஷிப்ட் முடிந்து வந்த மருமகள், "இன்னா அத்தே, பெட்டிய தொறந்து வெச்சிக்கினு அழுவுற?" என்றாள். உன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பாதி சொன்னேன். மீதியை உனக்கே எழுதிவிடுகிறேன்.

ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்தோம். நீ மூத்தவர் சம்சாரம், நான் இளையவர் சம்சாரம். ஓரகத்திகள் என்றால் அடுப்பங்கரையில் முட்டிக்கொள்வார்கள் என்பார்கள். நாமும் முட்டிக்கொண்டோம், ஆனால் விஷயமே வேறு. உன் வீட்டுக்காரர் மெட்ராஸ் பட்டறையில் வேலை. சனிக்கிழமை வரும்போது யூனியன்காரர்கள் கொடுத்த, தமிழில் வருகிற ரஷ்யாப் பத்திரிகையைக் கொண்டுவருவார். பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போட அதைப்போலத் தாள் கிடையாது. அதுகள் கத்தரிக்கோலோடு காத்திருக்கும். நீ ஒரு வரி விடாமல் படித்து முடிக்கிறவரை கொடுக்க மாட்டாய்.

"அய்ய, அட்டை போடற தாள போயி யாராவது படிப்பாங்களாக்கா?"

"நான் படிப்பேன். இன்னா இப்போ?"

அப்படிப் படித்ததுதான் அந்தக் குன்று. நான் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். நீ பத்திரிகையும் கையுமாக ஓடி வந்தாய். "புல்லுக்குக் காவக்காரன் போட்டுக்கீறான்டி! மரத்துக்கு இல்ல, புலிக்கு இல்ல, புல்லுக்கு!" அந்த ஊரில் சுண்ணாம்புக் குன்றுகளையும் அதன் மேலே கிடக்கும் புல்வெளியையும் யாரும் கை வைக்கக் கூடாது என்று கவர்மெண்டே காப்பாற்றுகிறதாம். "அவனுக்கு வேற வேலை வெட்டி இல்ல போல" என்றேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை. தெற்கே, ஊர் ஆடு மாடு மேயும் நம் மேய்க்கால் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நம் மேடும் வெள்ளைதான். மழை அறுத்த இடமெல்லாம் பற்பொடி நிறத்தில் தெரியும். பண்டிகைக்கு அந்த மண்ணைக் கரைத்துத்தான் சுவருக்குப் பூசுவோம். அதுவும் சுண்ணாம்புதானா என்று உனக்குத் தெரிந்தாக வேண்டும். எலுமிச்சம்பழம் பிழிந்தால் சுண்ணாம்புக்கல் நுரைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தாயாம். ஊறுகாய்க்கு வைத்திருந்த பழத்தில் மூன்றை எடுத்துக்கொண்டு போனோம். பிழிந்தாய். நுரைக்கவில்லை. எனக்குப் பழம் போச்சே என்று இருந்தது. நீயோ, "அப்ப இது வேற இன்னாவோ!" என்று இன்னும் குஷியாகிவிட்டாய். ஒரு கல்லை எடுத்துத் தட்டினாய். ஏடு ஏடாகப் பிரிந்தது. உள்ளே ஓர் இலை. நரம்பு நரம்பாக அச்சு விழுந்திருந்தது. நம்மூரில் எந்த மரத்திலும் அப்படி ஓர் இலை கிடையாது. அன்று சோறு குழைந்துபோய் இரண்டு பேரும் மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

அப்புறம்தான் உனக்கு அந்த யோசனை வந்தது. மேட்டை ஒரு வருஷம் அடைத்து வைத்தால் என்னென்ன முளைக்கும் என்று பார்க்கலாம்.

எனக்கு வந்ததே கோபம்! என்னிடம் பதினோரு ஆடு. என் பிள்ளைகளின் படிப்பும் துணிமணியும் அந்த ஆடுகளின் முதுகில்தான் வந்துகொண்டிருந்தது. மழைக்காலத்தில் ஏரிப்பக்கம் சேறாகிவிட்டால் குளம்பு அழுகாமல் அதுகள் நிற்க அந்த மேட்டை விட்டால் வேறு இடம் இல்லை. "உன் ரஷ்யாக்காரன் வந்து என் ஆட்டுக்குத் தழை போடுவானா?" என்று கத்தினேன். நீ நான்கு நாள் விடாமல் கெஞ்சினாய். ஒரே ஒரு வருஷம். பாதையோரமாக ஒரு பட்டை நிலத்தை என் ஆட்டுக்கு விட்டுவிடுகிறேன் என்றாய். மேட்டில் மேய்க்கிற மற்ற மூன்று வீட்டுக்கும் போய்ப் பேசினாய். கடைசியில் நானே முள் வெட்டிக் கொடுத்து வேலி கட்டினேன். உண்மையைச் சொன்னால், உள்ளே என்ன முளைக்கும் என்று பார்க்க எனக்கும் ஆசை வந்துவிட்டது.

முதல் மழைக்குப் புல் இடுப்புக்கு வந்தது. கௌதாரி குஞ்சு பொரித்தது. ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. உனக்குத் தலைகால் புரியவில்லை. 'உங்கள் குன்றில் ஆடு மேயுமா, மேயாதா?' என்று அந்தப் பத்திரிகைக்கே கார்டு போட்டாய். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. வாழ்த்துச் சொல்லி ஒரு காலண்டர்!

வெயில் ஏறியதும் புல் சாய்ந்து பாயாகப் படுத்துவிட்டது. அடுத்த மழைக்கு அந்தப் பாயைத் தாண்டி எதுவும் தலைநீட்டவில்லை. வேலிக்காத்தான் கன்றுகள்தான் அங்கங்கே கிளம்பின. பாதையோரம் என் ஆடு மேய்ந்த பட்டையில் குனிந்து பார்த்தால் விஷ்ணுகிராந்தி நீலமாகக் கிடக்கிறது, தும்பை கிடக்கிறது, பேர் தெரியாத பொடிப்பூ எத்தனையோ. ஒரு முழத்துக்குள் பன்னிரண்டு வகை எண்ணினாய். வேலிக்குள்ளே ஒரு முழத்துக்கு மூன்று.

"ஆடு மேஞ்ச எடத்துலதான்டி பூவு ஜாஸ்தி! நான் நெனச்சது தப்பு!" என்று குதித்தாய். தான் நினைத்தது தப்பு என்று தெரிந்ததற்காகக் குதித்த ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. பொங்கல் கழிந்ததும் வேலியைப் பிரித்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

நேற்று மருமகள் போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள் அக்கா. அந்த மாதிரிப் புல்வெளிகளில் அவர்களும் கொஞ்ச இடத்தைத் தொடாமலே விட்டுப் பார்த்தார்களாம். காய்ந்த புல் மூடிப் புதர் ஏறிவிட்டதாம். அதனால் சில இடத்தில் புல்லை அறுக்கிறார்களாம், சில இடத்தில் ஆடும் குதிரையும் மேய விடுகிறார்களாம். நீ கேட்டது சரியான கேள்விதான். காலண்டர் அனுப்பியவனுக்குத்தான் பதில் தெரியவில்லை.

இனி எழுதப்போவது நீ இருந்தவரை உன்னிடம் சொல்லாதது.

பொங்கலுக்கு இரண்டு வாரம் முன்னால், நான் ஆடுகளைச் சாலையோரம் ஓட்டிக்கொண்டு வந்தேன். மேட்டடியில் ஒரு ஜீப் நின்றது. ஆபீசர் ஒருவர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, இந்த மேட்டுல யாராச்சும் ஆடு மாடு மேய்க்கிறீங்களா?"

அதற்கு முந்தின மாதம்தான் பக்கத்துத் தெருக்காரியின் ஆடுகளைப் பிடித்துக் கவர்மெண்டுப் பவுண்டுப் பட்டியில் அடைத்து அபராதம் போட்டிருந்தார்கள். கவர்மெண்டு நிலத்தில் மேய்த்தேன் என்று என் வாயால் சொன்னால் என் ஆடுகளும் போய்விடும் என்று பயந்தேன்.

"இல்லீங்க சார். நாங்க இந்தப் பக்கமே வர்றதில்லீங்க."

அவர் வேலியைப் பார்த்தார், சாய்ந்து கிடந்த புல்லைப் பார்த்தார். "பார்த்தாலே தெரியுது" என்று எழுதிக்கொண்டார். நல்லவேளை தப்பித்தோம் என்று வீட்டுக்கு வந்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தை முடிவதற்குள் மேட்டில் குழி வெட்டித் தைல மரக் கன்று நட்டுவிட்டார்கள். மேய்ச்சல் இல்லாத தரிசு என்று ரிக்கார்டில் இருக்கிறதாம். கோயில் வாசலில் பூசை முடிந்து ஊரே கூடி உன்னைச் சூழ்ந்துகொண்டது. "புல்லுக்குக் காவல் போட்டாளே மகராசி, அதான் தரிசுன்னு எழுதிக்கினு போயிட்டான்." நீ தலை குனியவில்லை. "ஆமா, வேலி போட்டது நான்தான். என் தப்புதான்" என்றாய். நான் உனக்குப் பின்னாலேயே நின்றேன். முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து உனக்குப் புல்லுக்காரி என்று பேர். ஒன்பது ஆட்டை விற்றேன். மிச்சம் இரண்டுக்கும் நீதான் தினமும் விடியற்காலையில் வரப்பில் புல் அறுத்துக் கொண்டுவந்து போட்டாய். "என்னாலதானேடி" என்பாய். அந்தப் புல்லைக் கையில் வாங்கும்போதெல்லாம் செத்துப் பிழைத்தேன். ஆனாலும் வாய் திறக்கவில்லை, பாவி.

காமாலையில் படுத்திருந்தபோதும் நீ கேட்டது அந்த மேட்டைப் பற்றித்தான். "தைல மரத்துக்கு அடியில இன்னா மொளைக்குது?"

"ஒண்ணும் மொளைக்கலக்கா."

"ஒண்ணுமேவா? நல்லா குனிஞ்சி பாருடி."

சொல்லிவிடலாம் என்று உன் கையைப் பிடித்தேன். உன் கண் மஞ்சளாக இருந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன்.

போன வாரம் ஏரியோர நிலத்தை அளக்க ஆட்கள் வந்தார்கள் அக்கா. இப்போது இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பெனிதான், மிஞ்சியிருப்பது அந்தத் துண்டு ஒன்று. "இங்க மேய்ச்சல் உண்டா?" என்று ஒரு பையன் கேட்டான். பஸ்ஸுக்கு நின்ற பொம்பளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அதே பயம்தான். ஆனாலும் முன்னால் போய் நின்றேன். "கீதுப்பா. நாலு வூட்டு மாடு மேயுது. தோ, சாணி கெடக்குது பாரு, மிதிச்சிடப் போற. எழுதிக்கோ."

அவன் எழுதினான். படித்துக் காட்டச் சொன்னேன். படித்தான்.

அவன் போனதும் அடுத்த வீட்டுக்காரி சிரித்தாள். "நல்லவேளை, அந்தக் காலத்துப் புல்லுக்காரி மாதிரி யாரும் வேலி போட்டு வெக்கல."

"அவ மேல தப்பு இல்ல" என்றேன். "ஆபீசர் கேட்டப்போ இங்க மேய்க்கிறதே இல்லன்னு சொன்னது நான். பழிய அவ சுமந்தா."

பஸ் வந்து நின்றது, யாரும் ஏறவில்லை. பிறகு ஒருத்தி மெதுவாகக் கேட்டாள், "இத ஏம்மா இத்தினி வருஷமா சொல்லல?"

நீயும் அதைத்தான் கேட்டிருப்பாய். கோபத்தில் கேட்டிருக்க மாட்டாய் அக்கா, கல்லைத் தட்டிப் பார்ப்பாயே, அப்படி, தெரிந்துகொள்ள வேண்டும் என்றே கேட்டிருப்பாய். பயம் என்று சொன்னால் அது முதல் நாளைக்குத்தான் சரி. மற்ற நாட்களுக்கு என்ன காரணம் என்று தினமும் தேடிப் பார்க்கிறேன். எனக்கு இன்னும் தெரியவில்லை.