இம்பெல்லரும் ரோசியின் எடையும்

14.11 வெள்ளி

மழை விட்டது. விட்டு என்ன? கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்து தரைப்பாலத்தின் மேல் நெஞ்சளவு தண்ணீர். பரவை ஊருக்குப் போய் மதுரை பஸ் பிடிக்க வேறு வழி இல்லை.

ரோசி எடை (எ.) 52.6 கிலோ. (இருக்க வேண்டியது 50. மிச்சம் உடம்பில் தேங்கிய நீர்.) குடிக்க நாளுக்கு அரை லிட்டர்தான், அளந்து கொடுத்தேன். கால் வீக்கம். இன்று மதுரை கே.கே. நகர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நாள். போகவில்லை.

ஆண்கள் கயிற்றைப் பிடித்துக் கடக்கிறார்கள். பெண்டாட்டியை அப்படி இறக்க முடியாது, அவள் கழுத்தில் டயாலிசிஸ் டியூப். அதில் கண்மாய்த் தண்ணீர் பட்டால் கிருமி ஏறிவிடும், போச்சு. மீட்புப் படகுக்குச் சொல்லியாயிற்று. எல்லாம் வேறு ஊர்களில் நிற்கிறதாம்.

மீன் குத்தகை எடுத்திருக்கும் பாண்டி அண்ணனிடம் ஒரு ஃபைபர் படகு, பின்னால் பழைய அவுட்போர்டு எஞ்சின். முதலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஓட்டிப் பார்த்தோம். பாதியில் சூடாகி நின்றது. கழி ஊன்றினால் தண்ணீரின் இழுப்பு கருவேல மரங்களுக்குள் தள்ளுகிறது. கரையில் இருந்தவர்கள் கயிறு வீசி இழுத்தார்கள்.

"மாப்ள, நீ பம்புசெட்டு மெக்கானிக்தான? இதுவும் ஒரு மோட்டார்தான. பாரு" என்றார் பாண்டி அண்ணன்.

அடிப்பாகத்தைக் கழற்றினேன். கீழிருந்து தண்ணீரை ஏற்றி எஞ்சினைக் குளிர வைக்கிற இம்பெல்லர். உள்ளங்கைக்குள் அடங்கும் ரப்பர் சக்கரம். ஆறு இதழில் இரண்டுதான் மிச்சம். இந்த ரப்பருக்காகவா என்று ஆத்திரமாக வந்தது.

மதுரையில் விசாரித்த இடத்திலெல்லாம் இல்லை. ராமநாதபுரத்தில் ஒரு எஞ்சின் கடைக்காரர் கிடைத்தார். "நாளைக்குக் காலையில பஸ்ல குடுத்து விடுறேன். மாட்டிட்டு ஓட்டிப் பாக்கும்போது..." என்று ஏதோ ஆரம்பித்தார். "அதெல்லாம் நமக்குத் தெரியும்ணே" என்று போனை வைத்துவிட்டேன்.

15.11 சனி

தூறல். எ. 53.5. மூச்சு வாங்குகிறது. படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினாள். அரை லிட்டர்தானே கொடுத்தேன்? அளவு டம்ளரை மறுபடி அளந்து பார்த்தேன். சரிதான்.

கயிறு பிடித்துக் கடந்து, ஈர வேட்டியோடு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட். கண்டக்டரிடம் பார்சல். 2 மணிக்கு வீடு.

தண்ணீர்க் குழாயில் சிக்கியிருந்த பழைய இதழ்த் துண்டுகளை சைக்கிள் கம்பியால் எடுத்தேன். புதியதை மாட்டினேன். கொல்லையில் பலகையில் தொங்கவிட்டு ஸ்டார்ட் செய்தேன். சுற்றி வந்த தண்ணீர் வெளியே பீச்ச வேண்டிய பக்கவாட்டுத் துளையில் ஒரு சொட்டு வரவில்லை. காற்று பிடித்திருக்கும் என்று நினைத்தேன். பம்புசெட்டில் அப்படித்தான். ஒரு குடம் ஊற்றி வேகம் கொடுத்தால் காற்று போய்த் தூக்கிவிடும். ஊற்றினேன். வேகம் கொடுத்தேன். இரண்டு நிமிடம். தீய்ந்த ரப்பர் நாற்றம், புதியதும் போச்சு.

இதைத் தண்ணீருக்குள் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். படகு எஞ்சின் வேறு எங்கே ஓடும்? இருபத்திரண்டு வருச மெக்கானிக். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ராமநாதபுரத்துக்குப் போன். "காய வச்சு ஓட்டுனீங்களா? அதச் சொல்லத்தானே வந்தேன்? நாளைக்கு வேற ஒண்ணு அனுப்புறேன். டிரம்முல தண்ணி நிரப்பி, அதுக்குள்ள இறக்கி ஓட்டுங்க." திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ரோசி: "என்னங்க, பார்சல் வரலையா?"

"பஸ் லேட். நாளைக்குத்தான் வருது."

பொய். என் திமிரால் ஒரு நாள் போனது. அவளுக்கு ஏதாவது ஆனால்? அவளிடம் சொல்லாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

16.11 ஞாயிறு

எ. 54.4. முகம் ஊதிவிட்டது. இரண்டு சொல்லுக்கு மேல் பேச முடியவில்லை. செபம் சொல்ல உட்கார்ந்தேன். "ஆண்டவரே" தவிர ஒன்றும் வரவில்லை.

மறுபடி கயிறு, மறுபடி மாட்டுத்தாவணி. திரும்பும்போது நடுவில் கால் வழுக்கியது. பார்சலைப் பல்லில் கடித்துக்கொண்டேன்.

மாட்டி, நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, இறக்கி, ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தேன். துளையிலிருந்து பீச்சி அடித்தது. "வந்துருச்சுடா மாப்ள!" என்று பாண்டி அண்ணன் கத்தினார். அத்தனை பேர் முன்னால் அழுதேன்.

4.30 ரோசியை நாற்காலியோடு படகில் வைத்தோம். கழுத்தைச் சுற்றி பாலிதீன். நடுவில் இழுப்பு. அந்தத் துளையை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. அக்கரை. ஆட்டோ. 5.40 கே.கே. நகர். உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வராந்தாவில் எழுதுகிறேன். எடைக் குறிப்பு வேண்டுமாம், நர்ஸம்மா நோட்டைக் கேட்கிற...

ஞாயிறு, ரோசி எழுதுவது

மெசின் ஓடுகிறது. மூச்சு பரவாயில்லை. நர்ஸம்மா நோட்டை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். எல்லாம் வாசித்தேன். பஸ் லேட் இல்லை என்று நேற்றே தெரியும். தீய்ந்த நாற்றம் கட்டில் வரை வந்தது.

டம்ளரில் தப்பில்லை. நீங்கள் வீட்டில் இல்லாத நேரமெல்லாம் பானையில் மொண்டு குடித்தேன். வெள்ளிக்கிழமை நீங்கள் படகில் போனபோது ஒரு சொம்பு. நேற்று இரண்டு. தாகம் தாங்க முடியவில்லை. நீங்கள் கேட்டிருந்தால் குடிக்கவில்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

நாளைக்குத் திட்டுங்கள். இப்போது உள்ளே வாருங்கள். ஈர வேட்டியோடு நிற்பது கண்ணாடிக் கதவு வழியே தெரிகிறது.