கயிறு பிடிப்பவன் மூச்சு

மச்சான்,

உன் வீட்டுக் கொடியில் கறுப்பு ரப்பர் உடுப்பு ஒன்று காய்கிறது. கிட்டே போனால் சைக்கிள் டியூப் வாடையும் கடல் உப்பு வாடையும் கலந்து அடிக்கிறது. உன் பேத்தி செல்வியுடையது. சென்னையில் வேலை பார்க்கிறவள், புதுச்சேரிக்குப் போய், முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் முங்கப் படித்திருக்கிறாள். இப்போது லீவுக்கு வந்திருக்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை, கடலடியில் கிடக்கிற பழைய கப்பல் ஒன்றுக்குள் நுழையப் போகிறார்களாம். அவளுக்குப் பதினெட்டு மீட்டர் வரைக்கும்தான் பயிற்சி. கப்பல் அதற்கும் கீழே கிடக்கிறது. உள்ளே நுழையத் தனிப் பயிற்சி உண்டாம். அது இவளுக்கு இல்லை. எல்லாம் அவளே சிரித்துக்கொண்டு சொன்னதுதான்.

"அங்க கயிறு யாரு புடிப்பா?" என்று கேட்டேன்.

"கயிறெல்லாம் கெடையாது தாத்தா. ஜோடி ஜோடியா போவோம். ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவோம்."

"ஒன் ஜோடி எப்படி?"

"நல்ல பையன்."

"நல்லவனான்னு கேக்கல. அந்தக் கப்பலுக்குள்ள போயிருக்கானா?"

"அவனுக்கும் இதான் மொதத் தடவ."

எழுத்து தெரியாத நான் உனக்கு ஒரு கடுதாசி எழுத வேண்டும் என்றேன். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். என் கொச்சையைத் திருத்தியும் எழுதுகிறாள் போலிருக்கிறது.

முதலமைச்சர் இறந்து, ஊருக்கு ஊர் ஆம்பிளைகள் மொட்டை போட்டுக்கொண்டார்களே, அந்த வருஷத்து ஐப்பசி. அதற்கு முந்தின மார்கழியில்தான் கீழத்தஞ்சைப் பக்கம் குடிசையோடு சனங்களைக் கொளுத்தியிருந்தார்கள். கூலி நெல் தகராறில் நம் ஊரிலும் பண்ணை ஒரு பக்கம், சங்கம் ஒரு பக்கம். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத நேரம். மழை மட்டும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பெய்தது. வடிகால் மதகின் வாயில் பனங்கட்டை ஒன்று குறுக்கே செருகி அடைத்துக்கொண்டது. நட்ட சம்பா முழுக்கத் தண்ணீருக்கு அடியில். பண்ணை நிலமும் அதில் இருந்தது, நம்மவர்களின் குத்தகை நிலமும் இருந்தது.

நீயும் காளியனும்தான் அந்த வட்டாரத்து முங்கு ஆட்கள். கிணற்றில் விழுந்த குடம், குளத்தில் தவறிய சங்கிலி என்று என்ன தொலைந்தாலும் உங்களில் ஒருவரைத்தான் கூப்பிடுவார்கள். உனக்குக் கயிறு பிடிப்பவன் நான். நம் வழக்கம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, எழுதுகிறவளுக்காகச் சொல்கிறேன். கீழே நீ முங்கியதும் மேலே நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். எனக்கு மூச்சு முட்டியதும் உன் சைகைக்குக் காத்திராமல் இழுத்துவிட வேண்டும். "ஒன் நெஞ்சு என்னோடதவிடச் சின்னது மச்சான். அதான் ஒன்னய வச்சிருக்கேன்" என்பாய்.

அன்றைக்கு அந்தக் கட்டையை எடுக்கக் கூப்பிட்டபோது நீ உடனே இறங்கவில்லை. ஒரு பிடி வைக்கோலை மதகுக்கு மேல்பக்கம் போட்டுப் பார்த்தாய். அது மிதந்து போய், சட்டென்று உள்ளே இழுபட்டு மறைந்தது. "எனக்கு இந்தத் தண்ணி தெரியாதுங்க" என்றாய்.

பண்ணைக் காரியக்காரர் குடைக்குள்ளிருந்து கேட்டார்: "ஏண்டா, எறங்காதன்னு கொடி புடிக்கிறவன் சொல்லிக் குடுத்தானா?"

சங்கத்துத் தலைவர் இந்தப் பக்கமிருந்து கேட்டார்: "பண்ணைக்காரன் ஒங்கள வளச்சுப் போட்டுட்டானா தோழரே?"

"ஒண்ணு செய்யிங்க. நீங்க ரெண்டு பேரும் சேந்து எறங்குங்க. நான் கயிறு புடிக்கிறேன்" என்றாய். அந்த மழையிலும் கரை முழுக்கச் சிரித்தது. அவர்கள் இரண்டு பேரும் மட்டும் சிரிக்கவில்லை.

காளியன் கயிற்றை எடுத்து இடுப்பில் சுற்றினான். உன்னைவிட இளையவன், மூச்சும் கூடுதல். "தள்ளுண்ணே. கெணத்துல இல்லாத ஆழமா?"

நீ அவன் கையைப் பிடித்தாய். "ஆழம் இல்லடா. இது இழுக்குற தண்ணி. நமக்கு நிக்கிற தண்ணிதான் தெரியும். கொஞ்சம் தணியட்டும், ரெண்டு பேருமா எறங்குவோம்."

"தணியறதுக்குள்ள பயிரு அழுகிடும்" என்றான். அதுவும் பொய்யில்லை.

அவன் இறங்கினான். கயிற்றை நீயும் நானும் பிடித்தோம். என் மூச்சு முட்டியது. "இழு" என்றாய். இழுத்தோம். கயிறு அசையவில்லை, அந்தப் பக்கம் யாரோ நம்மைவிடப் பலமாகப் பிடித்திருப்பது போல் இருந்தது. குடையைப் போட்டுவிட்டுக் காரியக்காரர் ஓடி வந்து இழுத்தார். சங்கத்துத் தலைவர் அவருக்குப் பின்னால் நின்று இழுத்தார். உள்ளங்கைத் தோல் உரிந்தது. திடீரென்று கயிறு அறுந்து தளர்ந்தது. கட்டை புரண்டு, தண்ணீர் பேரிரைச்சலோடு மதகுக்குள் பாய்ந்தது. காளியனைக் கீழ்வாய்க்கால் திருப்பத்தில் நாணல் புதரில் எடுத்தோம்.

பயிர் பிழைத்தது. ஊர் அவனைத் தெய்வமாக்கியது, உனக்குக் 'கரைமுங்கி' என்று பெயர் வைத்தது. சாகும்வரை அந்தப் பெயர் உன்னை விடவில்லை. "ஆமா, கரையிலதான் இருக்கேன்" என்று பதில் சொல்லிவிட்டு நடந்துவிடுவாய். ஆனால் கிணற்றுக்கும் குளத்துக்கும் கூப்பிட்டால் போவாய். மதகுப் பக்கம் ஒருநாளும் இறங்கியதில்லை.

இந்த இடத்தில் செல்வி எழுதுவதை நிறுத்தினாள். "அப்ப காளியன் தாத்தா எறங்குனதாலதான ஊரு சாப்பிட்டுச்சு?"

சாப்பிட்டதுதான் மச்சான். நானும் அந்த நெல்லைத் தின்றவன்தான். நீ இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாய். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இன்றைக்கும் படித்துறையில் யாராவது தலை முங்கினால் என் நெஞ்சு தானாக அடைத்துக்கொள்கிறது. அவர்கள் தலை தெரிந்த பிறகுதான் விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை இவள் முங்கினால் இங்கே நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முட்டும்போது இழுக்க என் கையில் ஒன்றும் இருக்காது.

இதையும் அவள் எழுதி முடித்தாள். பிறகு கேட்டாள்: "அன்னிக்குக் கரையில நின்னவங்க வேற யாராச்சும் இருக்காங்களா தாத்தா? நான் போய்ப் பாக்கணும்."

காரியக்காரர் போய்விட்டார். சங்கத்துத் தலைவர் போய்விட்டார். நீயும் போய்விட்டாய். என்னை விட்டால் இருப்பது ஒரே ஒரு ஆள். கயிறு வராதபோது ஓடி வந்து, பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தவள். ஒரத்தநாட்டில் மகன் வீட்டில் இருக்கிறாள். காளியன் பெண்சாதி மருதாயி.