‘ஹோன்’ என்றாலும் சூடுதான்

ஜூன் 9
தேர்வு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் பிம் அக்காவும். மதிப்பெண் போடுவது அவள். உள்ளே கம்மூன் அத்தை, தகரப் பட்டறை இரைச்சலில் காதைப் பறிகொடுத்தவள். ஆய்வுக்காகக் காதுக் கருவி கொடுத்துப் பயிற்சியும் கொடுத்தோம். ஒலிபெருக்கியில் ஒரு சொல் வரும். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பாதிக்கு மேல் தப்பு. தேறாதவர்களின் கருவியைத் திரும்ப வாங்கி வேறொருவருக்குக் கொடுப்பார்கள்.

வெளியே வந்து, “என்ன புள்ள, பாஸா? பள்ளிக்கூடத்துலயே நான் பாஸானதில்ல” என்றாள். சும்மா சிரித்து வைத்தேன்.

ஜூன் 10
பஸ்ஸில் வரும்போது உறைத்தது. ஒலிபெருக்கி பாங்காக் பேச்சில் சொன்னது ‘ரோன்’, சூடு. அத்தை சொன்னது ‘ஹோன்’. தாய்லாந்தின் வடகிழக்கில், எங்கள் ஈசான் பக்கம், ரகரம் ஹகரமாகிவிடும். ‘ஹோன்’ என்றாலும் சூடுதான்! காதில் விழாமலா தன் ஊர்ப்பேச்சுக்கு மாற்றினாள்? விழுந்திருக்கிறது. புரிந்திருக்கிறது. அதற்குப் போய்ச் சிவப்புக் கோடு!

ஜூன் 12
ஆய்வை நடத்தும் டாக்டர் நரோங்கிடம் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“மாலி, பட்டியல் எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆளுக்கொரு பட்டியல் வச்சா அது ஆராய்ச்சியா, சந்தைக்கடையா?”

பிம் அக்கா புருவத்தைத் தூக்கினாள். “அட, நீ ஈசான்காரியா? வாசனையே வரலியே! உங்க ஊரு நாத்த ஊறுமீன எங்கடி ஒளிச்சு வச்சிருக்க?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன்?

ஜூன் 16
கட்டுரையின் வரைவு வந்திருக்கிறது. ‘ஆலைத் தொழிலாளரிடம் பயிற்சி பலனளிக்கவில்லை. ஊக்கக் குறைவு காரணமாகலாம்.’

ஊக்கக் குறைவாம். அரைநாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி வருகிறாளே, அவளுக்கா?

ஜூன் 19
கருவியை வாங்கி வர என்னையே அனுப்பினார்கள். அத்தை வாசலில் உட்கார்ந்து உரலில் பச்சைப் பப்பாளி இடித்துக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

“கொண்டு போ புள்ள. எனக்குத்தான் மண்டையில ஏறல. என்னால உனக்கு ஏதும் திட்டு விழுந்துச்சா?”

கருவியைக் கழற்றப் போன கையைப் பிடித்துக்கொண்டேன். “அது உன் காதுலயே கிடக்கட்டும் அத்தே! தப்பு உம்மேல இல்ல!” கோபத்தில் எங்கள் பேச்சே வந்துவிட்டது.

அவள் வாயைப் பிளந்தாள். “அடிப்பாவி! நம்ம ஊர்ப் புள்ளையா நீ? பாங்காக்குக்காரியாட்டம் பேசி என்னை ஏமாத்திட்டியேடி!”

உரலிலிருந்து அள்ளி எனக்கும் வைத்தாள். கண்ணில் தண்ணீர். மிளகாய் என்று சொல்லிவிட்டேன்.

பெட்டியைக் காலியாகவே கொண்டு வந்தேன்.

ஜூன் 20
“கருவி எங்க?” என்றார் டாக்டர்.

“அவங்க காதுல.” காலிப் பெட்டியை மேசைமேல் வைத்தேன். “அன்னிக்கு அவங்க பேசினது பதிவாகியிருக்கும். இப்பவே போடுங்க டாக்டர். முடியாதுன்னா அந்தக் கட்டுரையில எம்பேரு வேண்டாம்.”

பிம் அக்காதான் எழுந்து போய்ப் பதிவைப் போட்டாள்.

‘ரூவா’ என்றது ஒலிபெருக்கி. ‘ஹூவா’ என்றாள் அத்தை. “ரெண்டும் படகுதான்” என்றேன். ‘ரக்’. ‘ஹக்’. “காதல்.” சில சொற்கள் நிஜமாகவே தப்பு, அதையும் மறைக்கவில்லை. போகப் போக, சிவப்புக் கோடு போட்ட பிம் அக்கா என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “இத நீ அன்னிக்கே அழுத்திச் சொல்லியிருக்கணும் மாலி.”

அழுத்தி! சொன்னவள் மேலேயே பழி.

ஜூலை 3
எல்லாப் பதிவுகளையும் மறுபடி மதிப்பிடப் போகிறோம். என் காதை மட்டும் நம்பினால் போதாதாம், ஈசான் பேச்சு தெரிந்த இன்னொருவரும் வேண்டுமாம். அது நியாயம். ஆனால் கூட்டத்தில் டாக்டர், “நாங்க கவனிச்சப்போ” என்று ஆரம்பித்தார். நாங்களா? “கவனிச்சது நான்” என்றேன். மெதுவாகத்தான். ஆனாலும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சாயங்காலம் கம்மூன் அத்தை போன் செய்தாள். கருவி அவளிடமே இருக்கலாம் என்று நான்தான் ஆள்விட்டுச் சொல்லியிருந்தேன். போனில் அவள் குரலைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

“பட்டறையில மேஸ்திரி முதுகுக்குப் பின்னால ‘செவிட்டு முண்டம்’னான் புள்ள. எத்தன வருசமா சொல்லிட்டிருந்தானோ! இன்னிக்குக் காதுல விழுந்துச்சு. திரும்பி ஒண்ணு குடுத்தேன் பாரு, அப்படியே நின்னுட்டான்.”

“என்னன்னு திட்டின அத்தே?”

சொன்னாள். இங்கே எழுத முடியாது. பாங்காக் பேச்சில் அதற்குச் சொல்லும் கிடையாது.