துபாய்ப் பார்சல்

ஜூன் 3, 2024

பக்ரீத்துக்கு இரண்டே வாரம். துபாய்ப் பார்சல் தயார் செய்ய வேண்டும். கோடாலித் தைலம், பாதாம் வைத்த சாக்லேட், ஒரு அத்தர். எல்லாம் மன்னார்குடி ஃபாரின் சாமான் கடையில் கிடைக்கிறது. நான் வாங்கி மாமனாரிடம் கொடுப்பேன். யாரோ ஊர் வந்தவர் கொண்டுவந்ததாக அவர் என் மகள் அனீஸாவிடம் கொடுப்பார்.

என் கணவர் சுஹைப் ஊராரைப் போலி விசாவில் அனுப்பிவைத்தவர். தாம் மட்டும் துபாயைப் பார்த்ததில்லை. ஏழு வருடத் தண்டனை, திருச்சி சிறையில் மூன்று முடிந்தது. எட்டு வயது மகளுக்கு அத்தா துபாயில் சூப்பர்வைசர். முதலில் டிரைவராகத்தான் அனுப்பினேன். பதவி உயர்வும் நானே கொடுத்தேன்.

ஜூன் 12

மேட்டூரில் தண்ணீர் இல்லை, அணை திறக்கவில்லை. குறுவை போச்சு என்று எங்கள் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்களெல்லாம் என்னிடம் புலம்பல். எனக்கு வேறு புலம்பல். கோர்ட் நோட்டீஸ். மாதம் ஒரு முறை பிள்ளையைச் சிறைக்கு அழைத்துவந்து காட்ட வேண்டுமாம். மனு போட்டது சுஹைப், அலைந்தது மாமனார் சலாஹுதீன்.

துபாய்க் கதையை ஆரம்பித்ததே இவர்தான். "கல்யாணம் காட்சின்னு போனா புள்ளைய நாலு பேரு கேப்பாங்கம்மா, துபாய்னு சொல்லிடு." எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் வெளிநாட்டில். ஒருத்தர் கூடினால் யாருக்குத் தெரியப்போகிறது?

ஜூன் 14

வக்கீல் குந்தவை ஆட்சேபணை எழுதிக்கொடுத்தார். 'தந்தை சிறையில் இருப்பது குழந்தைக்குத் தெரியாது. தெரிந்தால் தாங்க மாட்டாள்.' எங்கள் கடையிலேயே டைப் செய்து மூன்று பிரதி எடுத்தேன். பொய் என்னுடையது, அதற்குச் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டதும் நானே. நல்ல பொருத்தம்.

பிள்ளைக்காக மட்டும்தானா? இல்லை. சுஹைப் முகத்தை நான் பார்க்க வேண்டாம். பார்த்த உடனே இவள் அவர் பக்கம் சாய்ந்துவிட்டால்?

ஜூன் 17

பெருநாள். அனீஸா பார்சலைப் பிரித்துத் தைலத்தை என்னிடம் நீட்டினாள். "அத்தா ஒங்களுக்குத்தாம்மா அனுப்பியிருக்காங்க." என் காசு, என் தைலம், நன்றி அவருக்கு.

ஜூலை 9

ஜட்ஜ் அம்மா அனீஸாவைத் தனியாக அறைக்குள் கூப்பிட்டுப் பத்து நிமிடம் பேசினார். பிறகு அவளை வெளியே அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஒங்க பொண்ணுக்கு ரெண்டு வருஷமாத் தெரியும்மா. ஸ்கூல்ல யாரோ சொல்லியிருக்காங்க. 'அம்மாவுக்குத்தான் தெரியாது, தாத்தா பார்சல் கொடுத்து அவங்கள ஏமாத்துறாங்க, நீங்க சொல்லிடாதீங்க'ன்னு எங்கிட்ட கேட்டுக்கிட்டா."

சிரிக்கத்தான் நினைத்தேன். அழுதுவிட்டேன். மூன்று பிரதியும் வீண். மாதம் ஒரு முறை பார்க்கலாம் என்று உத்தரவு.

ஜூலை 10

இரண்டு வருஷமா என் பொண்ணு எங்கிட்ட நடிச்சிருக்கா. எங்கே கத்துக்கிட்டா? — கேள்வியைப் பார்.

ஜூலை 28

மேட்டூர் திறந்துவிட்டார்கள். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 14

திருச்சிக்கு ஒரு வேலையாகப் போகிறோம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். வழக்கம்போல நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. பஸ் இன்ஜின் அணைந்து கிடந்தது. முன் சீட்டில் மாமனார் தூங்குவதாகப் பாவனை.

அனீஸா என் கையைப் பிடித்தாள். "ஒன்னு சொல்லுவேன், அழக் கூடாது. அத்தா துபாய்ல இல்லம்மா. ஜெயில்ல இருக்காங்க. இப்ப அங்கதான் போறோம்."

மூன்று வருடமாகப் பொய் சொன்னவளுக்கு ஒரு "அப்படியா" வர அவ்வளவு சிரமம்.

"நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான் சொல்லல" என்றாள். நான் டைப் செய்த வரி. தன் துப்பட்டாவால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். பார்சலை யார் வாங்கினார்கள் என்று அப்போதும் நான் சொல்லவில்லை.

சிறை வாசலில் என்னை பெஞ்சில் உட்காரவைத்தாள். "நானும் தாத்தாவும் மொதல்ல பாத்துட்டு வரோம். ஒங்களுக்கு முடிஞ்சா அடுத்த மாசம் வாங்க, ஒன்னும் அவசரமில்ல."

ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு போய், வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றேன்.