மோட்டார் அறைக்கு ஒரு ஜோடிச் செருப்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா? என் குட்டி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

இங்கே சலவைக்கூடத்தில் போன வாரம் ஒரு கூத்து. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று மெஷினைத் தொட்டுவிட்டேன். ஷாக் அடித்து, அழுக்குத் துணிக் குவியல் மேல் போய் விழுந்தேன். ஒன்றும் ஆகவில்லை. "வேலை நேரத்துல உனக்கு மெத்தை கேக்குதா?" என்று சூப்பர்வைசர் அக்கா சிரித்தார்.

எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் மோட்டார் போடக் கிளம்பினால், சாணிக் கையோடு உங்கள் செருப்பைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடி வருவாளே.

"சேத்துக்குப் போறவனுக்குச் செருப்பு எதுக்குடி?"

"மொதல்ல மாட்டுங்க, அப்புறம் வாயத் தொறங்க."

முப்பத்தைந்து வருஷம் ஒரு நாள் தவறவில்லை. அவள் போய் நாற்பது நாளாகிறது.

நேற்று போனில் குட்டி சொல்கிறாள், "இப்ப நான்தாம்மா தாத்தா செருப்பத் தூக்கிட்டு ஓடுறேன், பாட்டி மாதிரியே." ஐந்து வயசுப் பிள்ளை, அப்பா. அந்த சுவிட்சுப் பெட்டி பக்கமே அவளை விடாதீர்கள். புதுச் செருப்பு ஒன்று வாங்கி மோட்டார் அறையிலேயே போட்டுவையுங்கள்.

மணி அடித்துவிட்டது, போக வேண்டும். கடைக்குப் போக நேரமில்லை என்பீர்கள். அம்மா செருப்பு இன்னும் வாசலில்தான் கிடக்கிறதாம். அதையாவது அங்கே கொண்டுபோய்ப் போடுங்கள். குதிகால் வெளியே நின்றால் நிற்கட்டும். என்னதான் முணுமுணுத்தாலும், அவள் கொண்டுவந்த செருப்பை நீங்கள் மாட்டாமல் இருந்ததில்லையே.

உங்கள் மகள்